மஞ்சள் கோடு

ஜனவரி 12

அன்புத் தங்கை குருவிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும், வேலைக்குப் போன இடத்தில் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் காது எப்படி இருக்கிறது? போன மாதம் போனில் நான் கத்திய கத்தலுக்கு எங்கள் மாடியில் இருக்கிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள், உனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நமக்குக் கடிதம்தான் லாயக்கு.

ஒரு சந்தோஷமான சமாச்சாரம். எங்கள் லிஃப்ட் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார், ஸ்கேல் என்று கூப்பிடுவோம். அவர் என் கம்ப்யூட்டரில் ஒரு உலக உருண்டையை இறக்கிக் கொடுத்தார். சாட்டிலைட் எடுத்த படங்களை ஒட்டி ஒட்டிச் செய்ததாம். மவுஸில் இருக்கிற சக்கரத்தை முன்னால் உருட்டினால் பூமி கிட்டே வருகிறது, பின்னால் உருட்டினால் விலகி ஓடுகிறது. முதல் நாள் நான் ஆர்வக்கோளாறில் உருட்டிய உருட்டில் நேராக நடுக்கடலில் போய் விழுந்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் நீலம். ஸ்கேல் வந்து கரையேற்றிவிட்டார்.

அப்புறம் நம் ஊர்ப் பெயரை அடித்தேன். உருண்டை ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே இறங்கியது. முதலில் எல்லாம் கலங்கலாக இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. பேருந்துச் சாலை தெரிந்தது. பக்கத்துச் சந்து தெரிந்தது. நம் வீடு, முற்றம், அப்பா தோண்டிய கிணறு கறுப்பு வட்டமாக, எல்லாம் தெரிந்தது. குருவி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அண்ணி பார்த்துச் சிரித்தாள், சிரிக்கட்டும்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன், அதற்குள் அப்பா பிரித்துக் கொடுத்த என் பாதியில் வீடு கட்டப்போகிறேன். கட்டுமானத்துக்கு அந்தத் தண்ணீர்தான். மாப்பிள்ளையிடம் சொல், பூமி உருண்டை என்று கணக்கு வாத்தியார் போர்டில் வட்டம் போட்டுத்தான் காட்டுவார், நான் கையால் சுற்றியே பார்த்துவிட்டேன் என்று.

பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணன்


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

குருவி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயா?

உலகத்தையே உருட்டுகிறவன் ஆகிவிட்டாய். சின்ன வயதில் பம்பரம் விடத் தெரியாமல் அழுத ஆள் நீ. அந்தப் படத்தில் நான் தெரிகிறேனா? தெரிந்தால் முன்கூட்டியே சொல், தலையையாவது சீவிக்கொண்டு வந்து நிற்கிறேன். கொடியில் காய்கிற பழைய துணியெல்லாம் தெரியுமா? அதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. அவரும் சௌக்கியம். எந்நேரமும் கணக்குத்தான். நீ சொன்னதைச் சொன்னேன், சிரித்தார். பாப்பாவுக்கு ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது.

அண்ணா, அந்தப் படம் எப்போது எடுத்தது? தினமும் எடுப்பார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் பிரியமுள்ள,
குருவி


பிப்ரவரி 25

அன்புத் தங்கை குருவிக்கு,

இங்கே சுகம், அங்கே சுகமறிய ஆசை.

படம் தினமும் மாறாது. அடியில் தேதி போட்டிருக்கிறது, போன வருடக் கடைசியில் எடுத்தது. நீ தெரியவில்லை, துணியும் தெரியவில்லை, பயப்படாதே.

இப்போது நான் தேறிவிட்டேன். படத்தில் ஊசி குத்தி வைக்கலாம். கேட் தூணில் ஒன்று, கிணற்றின் நடுவில் ஒன்று குத்தினேன். அளவுகோல் ஒன்று இருக்கிறது, இந்த ஊசிக்கும் அந்த ஊசிக்கும் மஞ்சள் கோடு இழுத்தால் எத்தனை மீட்டர் என்று அதுவே சொல்லும். அப்பா பிரித்ததும் இப்படித்தானே? சந்துப் பக்கத்து கேட் தூணிலிருந்து கிணற்று நடுவழியாக நேர்க்கோடு, இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான், கிணறு ஆளுக்குப் பாதி.

கோட்டை இழுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் இடிக்கிறது. முற்றத்தில் தகரக் கூரை போட்ட அறை ஒன்று புதிதாகத் தெரிகிறது. அது பாதிக்கு மேல் கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்திருக்கிறது. கிணற்றுக்குத் தள்ளி, முழுக்க என் பக்கத்திலேயே, சதுரமாக ஒரு சிமெண்ட் மேடையும் இருக்கிறது. துணி துவைக்கவா?

சின்ன விஷயம்தான். கட்டும்போது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். என்ன அறை, எதற்கு என்று எழுது.

அண்ணன்


மார்ச் 9

என் தங்கம் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? விடுதித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். அறைச் சுவர் முழுக்கச் சாக்கட்டியால் வாய்ப்பாடு. பதினேழாம் வாய்ப்பாடு பிசகாமல் வருகிறது, என் பெயரைக் கேட்டால் யோசிக்கிறார். சாப்பிட்டதும் எழுந்து முற்றத்தில் நடப்பார், தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்காருவார். கேட்டைப் பூட்டிவிட்டால் எனக்குக் கவலை இல்லை. அந்த அறை மட்டும் இல்லையென்றால் என்னால் அவரை வீட்டில் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. முன்கதவைத் திறந்தால் காலடியில் பேருந்துச் சாலை, அவர் கதவைத் திறந்தால் எனக்குக் காதும் கேட்காது.

இப்போது அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது. மாமா கம்ப்யூட்டரில் நம் வீட்டைப் பார்த்துக் கோடு இழுத்திருக்கிறார். கிணறு என்று நினைத்து நம் கறுப்புத் தொட்டியில் ஊசி குத்தியிருக்கிறார். கிணற்றுமேல் நாம் போட்ட சிமெண்ட் மூடியைப் பார்த்து, துணி துவைக்கிற மேடையா என்று கேட்கிறார். கோடு நம் பக்கம் சாய்ந்து அறையின் நடுவே போகிறது.

அது தொட்டி என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது என்று நீ சொல்வாய். தொட்டி என்றால் கிணறு எங்கே என்பார். மூடிவிட்டேன் என்றால் உன் தாத்தா தோண்டிய கிணற்றை ஏன் மூடினாய் என்பார். ஒரு நாள் உன் அப்பா விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டுக்கொண்டிருந்தாரே, அதை எப்படிச் சொல்வது? புத்தி தெளிவாக இருந்தபோதே உன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார், மாமாவுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று. எங்கள் கல்யாணத்தில் நாலு பேர் நடுவில் உன் மாமா சொன்னது அவருக்கு மறக்கவே இல்லை. 'மாப்பிள்ளைக்கு மூளை ஒண்ணுதான் சொத்து.' எல்லாவற்றையும் மறந்தவர் அதை மட்டும் இப்போதும் சில நாள் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோடு தப்பு என்று எழுதப்போகிறேன். கூடப்பிறந்தவள் சொன்னால் போதாதா? நீ மாமாவுக்கு எதுவும் எழுதாதே. உன் தலையில் வைத்த சத்தியம்.

அம்மா


மார்ச் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல்.

அந்த அறை என் பாதிக்குள்தான் இருக்கிறது. உன் கோடு தப்பு. அப்பா பிரித்ததில் ஒரு விரல்கூட நான் தாண்டவில்லை. நேரில் வந்து பார், உனக்கே தெரியும். அதுவரை என் வார்த்தையை நம்பு.

அறை எங்களுக்குத் தேவையாக இருந்தது, அதனால் கட்டினோம்.

முட்டிவலியைப் பற்றி நீ எழுதவே இல்லை.

குருவி


ஏப்ரல் 2

தங்கைக்கு,

இங்கே சுகம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

கோடு தப்பு என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். எப்படித் தப்பு? கேட் இடம் மாறியிருக்கிறதா? இல்லை கிணறு எழுந்து நடந்து போயிருக்கிறதா? மனிதர்கள் மாறலாம், ஆகாயத்திலிருந்து எடுத்த படத்துக்கு யார் மேலும் ஓரவஞ்சனை கிடையாது. மூன்று தடவை அளந்தேன். ஸ்கேலை உட்கார வைத்தும் அளந்தேன். அவர் கோடு போட்டுப் பிழைக்கிறவர்.

அறை எதற்கு என்று கேட்டேன், தேவையாக இருந்தது என்கிறாய். யாரை வாடகைக்கு வைத்திருக்கிறாய்? உன் அண்ணி முதலிலேயே சொன்னாள், நான்தான் என் தங்கை அப்படிப்பட்டவள் இல்லை என்று சண்டை போட்டேன். இதற்குப் பின்னால் மாப்பிள்ளையின் கணக்கு இருக்கும் என்று தோன்றுகிறது. அவருக்கு எப்போதும் நம்மைவிட இரண்டு படி மேலே இருக்கிற நினைப்பு. அவரையே ஒரு வரி எழுதச் சொல். ஏன் எழுத மாட்டேன் என்கிறார்?

வீட்டுக்கு வரைபடம் தயார். நெடுக மஞ்சள் கோடு வரைக்கும் சுவர் வருகிறது. நீயே நல்லபடியாக அந்த அறையை எடுத்துவிட்டால் நமக்குள் வருத்தம் இருக்காது.

அண்ணன்


ஏப்ரல் 29

தங்கைக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பதில் இல்லாததே ஒரு பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படத்தை அச்செடுத்து மேஸ்திரிக்கு அனுப்பிவிட்டேன். மே மாத நடுவில் கடைக்கால் தோண்ட வருவார். கோட்டை அதில் பெரிதாகப் போட்டிருக்கிறேன், குழப்பமே வராது. அதற்குள் அறையைக் காலி பண்ணிவிடு. ஊர் கூடிப் பேசுகிற மாதிரி வைத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மே 22

அண்ணனுக்கு,

இங்கே இருக்கிறவர்கள் இருக்கிறபடி இருக்கிறோம்.

மேஸ்திரி வருவதற்கு முன்பே அறையைப் பிரித்துவிட்டேன். தகரத்தையும் கதவையும் பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டு போனார். சுவரை ஆள் வைத்து இடித்தேன். மேஸ்திரி நல்ல மனிதர். உங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, தாளும் இடமும் ஒத்து வரலையே, இது எங்கயோ இடிக்குதே" என்றார். "தாள்ல இருக்கிறபடியே தோண்டுங்க, எங்க அண்ணன் அளந்தது" என்றேன். தோண்டியிருக்கிறார். முற்றம் நெடுக இப்போது ஆளை விழுங்குகிற குழி.

நீங்கள் கேட்டபடி எல்லாம் ஆயிற்று. அவர் உங்களுக்கு எழுதமாட்டார்.

தங்கை


ஜூன் 30

மாமாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். எல்லோரும் நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை, மன்னியுங்கள். உங்களுக்கு எழுதக்கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். என் தலைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

நீங்கள் ஊசி குத்தியது கிணறு இல்லை, மாமா. தண்ணீர்த் தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. கிணறு, நீங்கள் துணி துவைக்கிற மேடை என்று எழுதினீர்களே, அதற்கு அடியில் இருக்கிறது. அப்பா அதில் விழுந்துவிடக் கூடாது என்று அம்மா மூடினார்கள். அப்பாவுக்கு நினைவு போய் வருடக்கணக்கில் ஆகிறது. அந்த அறையில் வாடகைக்கு யாரும் இல்லை. அப்பாதான் இருந்தார். உங்களுக்குத் தெரியக்கூடாது என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். ஏன் என்று, அம்மா கல்யாணத்தில் நீங்கள் பேசிய பேச்சை ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

அறையை இடித்த அன்று அவர் சுவரில் எழுதிய வாய்ப்பாட்டைக் காட்டி, இடிக்கிற ஆளிடம், "அழிக்காதப்பா, பசங்க இன்னும் காப்பி பண்ணல" என்று கெஞ்சினாராம். முற்றத்தில் குழி இருப்பதால் அவரை முன்னறையில் வைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று. நாள் முழுக்கக் கதவைத் தட்டுவார். அம்மாவுக்குக் கேட்காது, தெருவுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு சண்டைக்கு வந்தார்கள். போன வாரம் அம்மா பால் வாங்கக் கதவைத் திறந்த இடைவெளியில் அவர் சாலையில் இறங்கிவிட்டார். பேருந்து உரசி இடது கை முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒரு இல்லத்தில் சேர்த்துவிட்டோம். அம்மாதான் கையெழுத்துப் போட்டார்கள்.

எப்படித் தப்பு என்று கேட்டிருந்தீர்களாம். இப்படித்தான்.

பாப்பா


ஜூலை 18

என் குருவிக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பாப்பாவின் கடிதத்தைப் படித்தேன். உடனே கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தேன். தொட்டிதான். பக்கத்தில் அதன் நிழல் விழுந்திருக்கிறது. கிணற்றுக்கு ஏது நிழல்? எனக்கு அது தோன்றவே இல்லை. லிஃப்ட் மோட்டார் இருக்கிறது மொட்டைமாடியில். தினமும் கறுப்புத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று வேலை செய்கிற மடையன் நான். எனக்கு அது தொட்டி என்று தெரியவில்லை. கிணறு இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், கிணறு இருந்தது.

நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சண்டை போடவில்லை, கேட்கிறேன். மாப்பிள்ளை நிலைமை தெரிந்திருந்தால் என் பாதி முழுவதையும் அவர் நடக்கவே விட்டிருப்பேனே. அந்தக் கல்யாணப் பேச்சு, நான் விளையாட்டுக்குச் சொன்னது. சத்தியமாக விளையாட்டுக்குத்தான்.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன், குழிகளை மூடிவிடுவார். என் பாதியை உன் பேரில் எழுதித் தருகிறேன். அறையைப் பழைய இடத்திலேயே, இன்னும் பெரிதாக, நல்ல கூரை போட்டுக் கட்டித் தருகிறேன். மாப்பிள்ளையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. இப்போதே கிளம்பி வர வேண்டும் என்றுதான் இருக்கிறது, இங்கே வேலை கழுத்தைப் பிடிக்கிறது, லீவு கேட்டிருக்கிறேன், கிடைப்பது சந்தேகம். அவர் இருக்கிற இல்லத்தின் விலாசத்தையாவது எழுது.

இன்னொன்று. என்னைப் போய் 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாயே. அதை மட்டும் மாற்றிக்கொள், குருவி. என்னால் தாங்க முடியவில்லை.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 16

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. எழுந்து நடமாடுகிறேன், அதைச் சுகம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கும் அண்ணிக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும்.

குழிகளை மூடினார்கள். முற்றம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. உங்கள் பாதி உங்களிடமே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். அறையைக் கட்டித் தருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டினால் அதில் யாரை உட்கார வைப்பது? அவருக்கு அந்த இல்லத்து வராந்தா பழகிவிட்டது. இன்னொரு தடவை இடம் மாற்றினால் மிச்சமிருக்கிறதும் போய்விடும் என்கிறார் டாக்டர். வாரத்துக்கு ஒருமுறை போய் வருகிறேன். போன தடவை என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க, எந்த வகுப்புப் பிள்ளையோட அம்மா நீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் பாப்பாவின் பெயரைச் சொன்னேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றார்.

பாப்பாவை உங்களுக்கு எழுதியதற்காகத் திட்டினேன். அவளும் என்னைத் திட்டினாள். சத்தியத்தைப் பிடித்துத் தொங்கி அப்பாவைத் தொலைத்துவிட்டாய் என்றாள். அவள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நீங்கள் தொட்டியைக் கிணறு என்று நினைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. மேலே இருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தெரியும். கோடு தப்பு, என் வார்த்தையை நம்பு என்று எழுதியிருந்தேன். எழுதியது நான். நீங்கள் மூன்று தடவை அளந்தீர்கள், ஸ்கேலை வைத்து அளந்தீர்கள், என்னை ஒரு தடவைகூட நம்பிப் பார்க்கவில்லை. ஆறவே ஆறாதது அதுதான்.

விலாசம் கேட்டிருக்கிறீர்கள். தரமாட்டேன். தந்தால் நீங்கள் கிளம்பி வரமாட்டீர்கள். கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்துவிட்டு, இடம் விசாலமாக இருக்கிறது, கூரை நன்றாக இருக்கிறது என்று எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

தங்கை